கோப்பில் என்ன குறை?

கல்லூரியில் அட்மிஷன் பிரிவில் வேலை பார்க்கிறேன். விண்ணப்பத்தில் டிசி இல்லையென்றால் திருப்பி அனுப்புவோம். கொண்டுவந்து கொடுத்தால் பிரச்சினை முடிந்தது. ஈரானில் நுழைவுத் தேர்வு எழுதும், பஹாய் என்ற சிறுபான்மை மதத்தைச் சேர்ந்த பிள்ளைகள் பலருக்கும் 'கோப்பு முழுமையாக இல்லை' என்றுதான் பதில் வருகிறது. ஆனால் அவர்கள் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அந்தக் குறை தீராது.

காரணம் 1991இல் எழுதிய ஒரு ரகசிய ஆவணம். ஈரான் அரசின் கலாச்சாரப் புரட்சி உச்ச மன்றம் தயாரித்தது, அன்று நாட்டின் உச்சத் தலைவராக இருந்த காமேனி ஒப்புதல் கொடுத்தது. பஹாய் என்று தெரிந்தால் சேர்க்கையின்போதோ படிப்பின் நடுவிலோ வெளியேற்ற வேண்டுமாம். ஓர் அரசு இதையெல்லாம் தாளில் எழுதி வைக்குமா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். 1993இல் ஐ.நா. பிரதிநிதி வழியாக அது வெளியே வந்தது. அந்நாட்டு அரசியல் சட்டம் ஜொராஸ்டிரியர், யூதர், கிறிஸ்தவர் மூவரைத்தான் சிறுபான்மையாக ஏற்கிறது. பஹாய்கள் கணக்கிலேயே இல்லை. 1983 ஜூனில் ஷிராஸில் பத்துப் பஹாய் பெண்களைத் தூக்கிலிட்டார்கள். இளையவளுக்கு வயது 17. குழந்தைகளுக்கு மத வகுப்பு எடுத்ததும் குற்றப் பட்டியலில் இருந்தது.

சரி, படிப்புக்கு என்ன செய்தார்கள்? அந்த ஆவணத்துக்கு முன்பே அவர்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடித்தான் இருந்தது. அதனால் 1987இல் தாங்களே ஓர் உயர்கல்வி நிறுவனம் தொடங்கினார்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்ட பேராசிரியர்கள் பாடம் எடுத்தார்கள், வீட்டுக் கூடங்கள் வகுப்பறைகள் ஆயின. 1998இல் ரெய்டு, 2011இல் மறுபடியும். சில ஆசிரியர்களுக்கு நான்கைந்து ஆண்டு சிறை. வகுப்புகள் நிற்கவில்லை. அந்தப் பட்டத்தை ஏற்று மேற்படிப்புக்கு இடம் கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் வெளிநாடுகளில் பல இருக்கின்றன.