2018 டிராஃப்டும் குவார்ட்டர்பேக் மதிப்பீடும்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைக் கூட்டமைப்பான என்எஃப்எல்லில், அணிகள் கல்லூரி வீரர்களை வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முன் கல்லூரி குவார்ட்டர்பேக்குகளை (பந்தை எறிந்து தாக்குதலை வழிநடத்துகிறவர்களை) எடைபோடுகிறவர்கள் 2018ஆம் ஆண்டை மறுபடி மறுபடி படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த ஆண்டு முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் தேர்வானார்கள். பேக்கர் மேஃபீல்டு முதலாவதாகவும், சாம் டார்னால்டு 3ஆவதாகவும், ஜாஷ் ஆலன் 7ஆவதாகவும், ஜாஷ் ரோசன் 10ஆவதாகவும் அழைக்கப்பட, 2016இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹெய்ஸ்மன் விருது வென்றிருந்த லமார் ஜாக்சன் அச்சுற்றின் கடைசி ஆளாக, 32ஆவது இடம்வரை காத்திருந்தார். அவரை, எறியப்படும் பந்தை ஓடிப் பிடிக்கும் ரிசீவராக மாறச் சொன்னவர்கள்கூட இருந்தார்கள். அவரோ 2019, 2023 ஆகிய இரு பருவங்களில் மிக மதிப்புமிக்க வீரர் விருதைக் குவார்ட்டர்பேக்காகவே பெற்றார்.

ஆலனின் கதை இன்னும் நுட்பமானது. வயோமிங் பல்கலைக்கழகத்துக்காக அவர் எறிந்த பந்துகளில் சுமார் 56 விழுக்காடே சக வீரர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. பஃபலோ அணியில் 2020 பருவத்தில் அது 69 விழுக்காடாக உயர்ந்தது. இப்படிப்பட்ட வளர்ச்சி மிக அரிது என்பதால், கைவலுவை மட்டும் நம்பி இன்னொரு ஆலனைத் தேடுவது ஆபத்து என்றே நினைக்கிறேன்.

எதிர்ப்பே இல்லாத பயிற்சித் திடலில் ஒருவர் எவ்வளவு தூரம் எறிகிறார் என்பதைவிட, மூன்றாவது டவுனில் (பத்து கஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) அவரைக் காக்கும் தடுப்பு வரிசை உடைந்து எதிரணியினர் பாய்ந்து வரும்போது அவருடைய பார்வை முதல் ரிசீவரை விட்டு அடுத்தவருக்கு நகர்கிறதா, கால்கள் நிலைகுலையாமல் இருக்கின்றனவா என்பதையே ஆட்டப் பதிவுகளில் நான் முதலில் கவனிப்பேன்.