ஆனி, அடுப்பில்லாமல்

ஜூன் 16, திங்கள்

தம்பிக்கு என் ஈரலில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். அதில் இருக்கிற கொழுப்பு குறைந்தால்தான் எடுப்பார்கள். காலையில் எடை 81.4 கிலோ. மெஷினைத் தள்ளி ஜன்னலோரம் சமமான தரையில் வைத்து ஏறினேன். 81.1. இனி அது ஜன்னலோரமே இருக்கட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

பெரியப்பா கடையத்திலிருந்து பேசினார். எண்பதுகளில் சிவசைலம் நல்வாழ்வு ஆசிரமத்தில் போய்த் தங்கிவிட்டு வந்ததிலிருந்து அவருக்கு அடுப்பில் ஏறியதெல்லாம் செத்த சாப்பாடு. "சமைச்சதை விட்டுப் பாரு தாயி, ஒரு மண்டலத்துல கொழுப்பு இருந்த எடம் தெரியாது." காலையில் வெண்பூசணிச் சாறு, மதியம் காயும் முளைகட்டிய பயறும் தேங்காயும், ராத்திரிக்குப் பழம். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

மதுரையில் டயட் எழுதிக் கொடுக்கிற பெண்ணுக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. "பச்சையா சாப்பிடுங்க, வேகவச்சு சாப்பிடுங்க மேடம். எனக்கு 1200 கலோரிக்குள்ள வரணும், புரோட்டீன் குறையக் கூடாது. மோரை விடாதீங்க. தேங்காயை மட்டும் எடை போட்டு எடுங்க." நூறு கிராம் தேங்காயில் 350 கலோரிக்கு மேல் இருக்கிறதாம். ஆறு இட்லி! பெரியப்பா ஒரு வேளைக்கு ஒரு மூடியைத் தின்றுவிட்டு வரப்பில் நடக்கிற மனுஷர். நான் ஸ்கூட்டியில் போய் நாற்காலியில் உட்காருகிறவள்.

பாலைக் காய்ச்சாமல் மோர் ஏது என்று பெரியப்பா கேட்டார். கேட்கட்டும்.

ஜூன் 19, வியாழன்

தாடை வலிக்கிறது. ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் சாப்பிட்டு, டப்பாவைக் கழுவி, அரட்டையும் அடித்து முடித்துவிட்டார்கள். பெல் அடிக்கும்போது எனக்குப் பாதி கேரட் பாக்கி. எட்டாம் வகுப்புக்கு மென்றுகொண்டே போனேன்.

ஜூன் 20, வெள்ளி

79.9. முதல் வாரம் குறைவதெல்லாம் தண்ணீர்தான், சந்தோஷப்படாதே என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறது. படுகிறேன். என்ன செய்வார்கள்?

ஜூன் 22, ஞாயிறு

அம்மா வீடு. உளுந்தஞ்சோறு. கருப்பு உளுந்தை வறுத்த வாசம் தெருவில் வண்டியை நிறுத்தும்போதே வந்துவிட்டது. பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பூ எல்லாம் போட்டு, பக்கத்தில் எள்ளுத் துவையல். "ஏட்டி, ஒரு கரண்டி தின்னா என்ன ஆயிரப்போவுது?" என்றாள். அடுத்த நிமிஷமே, "இல்ல, வேண்டாம், வேண்டாம். டாக்டரு சொன்னபடி கேளு" என்று சட்டியை உள்ளே எடுத்துப் போய்விட்டாள். இரண்டையும் நெஞ்சாரத்தான் சொன்னாள்.

தம்பி கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தான். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் அழுத்திய இடம் பள்ளமாக நின்றது. அவனுக்கு உப்பு இல்லாத சோறு. ஆனால் நிறையச் சாப்பிட வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு எழுப்பியாவது ஏதாவது கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். விடியவிடிய வயிறு காய்ந்தால் அவன் உடம்பு அவன் தசையையே தின்ன ஆரம்பித்துவிடுமாம். அதனால் தம்பி மனைவி பத்து மணிக்கு ரவைக் கஞ்சி காய்ச்சி, கெஞ்சிக் கெஞ்சி ஊட்டுகிறாள். அதே பத்து மணிக்கு நான் எங்கள் வீட்டுக் கட்டிலில் குப்புறப் படுத்து, ஏழு மணிக்குத் தின்ற பப்பாளியை நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வீட்டுப் பிள்ளைகளில் ஒருத்தனுக்குத் தின்னச் சொல்லி ஆள், ஒருத்திக்குத் தின்னாதே என்று ஆள்.

அவன் கையை நீட்டச் சொன்னால் நடுங்குகிறது. இன்றைக்கும் பார்த்தேன். கேட்காமலே பார்த்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

பாசம், பாசம் என்கிறார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் கூட, "தம்பிக்காகன்னா தானா மனசு வரும் டீச்சர்" என்றார். சாயங்காலம் நாலரைக்கு அந்தப் பாசம் எங்கே போய்விடுகிறதோ தெரியவில்லை. சாரல் அடிக்கிறது. காற்று ஜில்லென்று வருகிறது. ஸ்கூல் வாசல் டீக்கடையில் வாழைக்காய் பஜ்ஜி எண்ணெயில் புரளுகிறது. என் பையில் வெள்ளரிக்காய்.

அந்தக் கடையை நான் தாண்டுவது கோபத்தில்தான். தம்பி அந்தப் பொங்கலுக்கு வந்து நின்ற நிலை, அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி எந்தக் கடையில் இருக்கிறது என்று நானும் இவரும் ரசீது தேடி அலைந்தது, "இனிமே தொட மாட்டேன்க்கா" என்று அவன் சொன்ன சத்தியங்கள். ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு வண்டியை முறுக்கினால் சுலோசன முதலியார் பாலம் வந்துவிடும். அதற்குப் பிறகு பஜ்ஜிக் கடை கிடையாது.

இதை யாரிடம் சொல்ல? அவன் குடியை விட்டு ஒரு வருஷத்துக்கு மேலே ஆகிவிட்டது. விட்ட பிறகுதான் எல்லாம் வந்தது.

ஜூன் 25, புதன்

79.9.

ஜூன் 26, வியாழன்

79.9. மெஷினுக்கு பேட்டரி மாற்றினேன்.

ஜூன் 28, சனி

பெரியப்பாவின் பட்டியலில் ருசி என்ற பேச்சே கிடையாது. அவருக்கு ருசி ஒரு பலவீனம். எனக்கு அது இல்லாமல் ஓடாது. முளைகட்டிய பாசிப்பயறில் மாங்காயைப் பொடியாகக் கொத்திப் போட்டு, பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பு. தாளிக்காத சுண்டல். மகளும் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டாள். வெண்பூசணிச் சாற்றில் மிளகும் இஞ்சியும் சேர்த்தால் தொண்டையில் இறங்குகிறது. வாழைத்தண்டை மோரில் போட்டு வைத்தால் கறுக்காது.

எல்லாவற்றையும் முந்தின ராத்திரியே நறுக்கி டப்பாவில் வைத்துவிட வேண்டும். உறுதி, வைராக்கியம் என்பதெல்லாம் அந்த டப்பாவில்தான் இருக்கிறது. பசி வந்த பிறகு கத்தியைத் தேடினால் கைக்கு முறுக்கு டின்தான் வரும். டின்னைப் பரண் மேல் போடச் சொன்னேன். இவர் போட்டார். இவரே ஸ்டூல் போட்டு இறக்கித் தின்கிறார், சத்தம் கேட்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

"காந்தியே பச்சையாத் தின்னவரு தாயி." தேடிப் பார்த்தேன். தின்றது உண்மை. 1929இல் ஆசிரமத்து ஆட்களையும் சேர்த்துக்கொண்டு முளைகட்டிய கோதுமை, பயறு, தேங்காய் என்று சோதனை நடத்தியிருக்கிறார். சில மாதத்தில் வயிற்றுக்கடுப்பு வந்து நிறுத்தியும் இருக்கிறார். ஃபோன் போட்டுச் சொன்னேன். "அவரு மெல்லாம முழுங்கிருப்பாரு" என்றார் பெரியப்பா. கோபமாகத்தான் வைத்தேன், வைத்த பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

ஜூலை 1, செவ்வாய்

இன்னும் வரவில்லை. எப்போதும் தேதி தவறாது.

ராத்திரி உட்கார்ந்து படித்ததில் ஜெர்மனியில் 1999இல் வெளியான ஓர் ஆய்வு கிடைத்தது. நீண்ட நாளாகப் பச்சை உணவே தின்கிற ஐந்நூறு பேருக்கு மேல் விசாரித்திருக்கிறார்கள். பெண்கள் சராசரியாகப் பன்னிரண்டு கிலோ குறைந்திருக்கிறார்கள். அந்த வரியோடு மூடியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அடுத்த வரியில், 45 வயதுக்குக் கீழே இருந்த பெண்களில் சுமார் முப்பது சதவீதம் பேருக்கு மாதவிலக்கு தடுமாறியோ நின்றோ போயிருக்கிறது. அவர்கள் வருஷக்கணக்கில் தின்றவர்கள், எனக்கு என்ன என்று சொல்லிக்கொள்கிறேன். எனக்கு நாற்பத்து மூன்று. வயதினால் நிற்கிறதா, கேரட்டினால் நிற்கிறதா? பயத்தினால் கூடத் தள்ளிப்போகும் என்பார்கள். பயம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கையெழுத்து வாங்கும்போது கேட்டார்கள், அம்மா பக்கத்திலேயே நின்றாள்.

ஈரல் வளர்ந்துவிடும். அதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். வெட்டி எடுத்தாலும் சில மாதத்தில் பழைய அளவுக்குக் கிட்டத்தட்ட வளர்ந்துவிடும், உடம்பிலேயே அதற்கு மட்டும்தான் அந்த வித்தை தெரியும் என்று. மகள் பத்தாவது. சில மாதம் என்றால் அவளுக்குப் பொதுத் தேர்வு.

ஜூலை 3, வியாழன்

வந்துவிட்டது. 78.3.

ஜூலை 4, வெள்ளி

டயட் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பி12 மாத்திரை எழுதினாள். முட்டை வெள்ளை இரண்டு, அதுவும் வேகவைத்து, கட்டாயம் என்றாள். பச்சை முட்டையைக் கையால் தொடக்கூடாதாம், கிருமி வந்து காய்ச்சல் கண்டால் தேதியே தள்ளிப்போகும். பயறையும் ரெண்டு தண்ணீர் கூடுதலாகக் கழுவு என்றாள். பெரியப்பாவிடம் முட்டையைச் சொல்லப்போவதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

தம்பி கேட்டான், "அக்கா, நீ வேண்டாம்னு சொன்னா நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்." பெரியவனுக்குக் குரூப் சேரவில்லை. தம்பி மனைவிக்கு சுகர். அப்புறம் யார் இருக்கிறார்கள் நினைப்பதற்கு? "சும்மா இருடா" என்றேன். அந்தச் சங்கிலியைப் பற்றி இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று வாய் வரை வந்தது. அவனுடைய கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது. நகம் வளர்ந்திருந்தது, வெட்டிவிட்டேன். சின்ன வயதில் நகம் வெட்ட விடவே மாட்டான்.

ஜூலை 8, செவ்வாய்

தேர். லோக்கல் லீவு. ரத வீதி முழுக்கத் தலைகள். வடத்தை ஒரு கை தொட்டுவிட்டு ஒதுங்கினால், நின்ற இடம் அல்வாக் கடை வாசல். நெய் சொட்டும் சூட்டில் வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டுகிறார்கள். மகள் வாங்கினாள். என் பக்கம் திரும்பாமல் முதுகைக் காட்டி நின்று தின்றாள். அந்த முதுகைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது, அல்வாவுக்காக இல்லை.

வீட்டுக்கு வந்து கொய்யா.

ஜூலை 10, வியாழன்

77.2. ஸ்டாஃப் ரூமில் எல்லாரும், "என்ன டீச்சர், ஆளே இளைச்சுட்டீங்க, ரகசியம் என்ன?" சுடிதார் தோளில் தொங்குகிறது. ஒரு நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் டாக்டருக்கு எடை ஒரு பேச்சே இல்லை. ஸ்கேனில் ஈரலின் அடர்த்திக்கு ஓர் எண், மண்ணீரலுக்கு ஓர் எண். முதலாவதில் இரண்டாவதைக் கழித்தால் ஐந்துக்கு மேல் நிற்க வேண்டும். மே மாதம் எனக்கு மைனஸில் நின்றது. இடுப்பு குறைந்திருக்கிறது, முகம் ஒட்டிவிட்டது, ஈரல் குறைந்ததா என்று இந்த மெஷினுக்கு எப்படித் தெரியும்? ஸ்கேன் 21ஆம் தேதி. அதுவரை எதைப் பார்த்துக்கொண்டு இருப்பது? நாளைக்கும் இதில்தான் ஏறுவேன்.

ஜூலை 12, சனி

வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். பக்கெட் அளவு என்றாள் தம்பி மனைவி. ராத்திரி கஞ்சியை அவனே கேட்டு வாங்கிக் குடித்தானாம்.

ஜூலை 14, திங்கள்

76.8. அதிகாலை மூன்றரைக்கு ஃபோன். "மதினி, உடம்பு அனலாக் கொதிக்குது, ஆளைத் தெரியல, என்னை அவங்க அம்மான்னு கூப்பிடுறாங்க." ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் என் ஸ்கேனையும் இன்றைக்கே எடுத்துவிடலாம், கூட வாங்க என்றார்கள். இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்றேன். மறுமுனையில் இருந்தவர் தேதியைக் குறித்துக்கொண்டிருந்தார், நான் சொன்னதைக் கேட்கவில்லை.

லீவ் லெட்டர் மகளிடம். டப்பாவை எடுக்கவா, வேண்டாமா என்று இவர் கேட்கிறார். கார் வந்துவிட்டது. மீதி அப்புறம்.