முன்கூட்டியே கட்டிய தவணை, தாமதக் கணக்கில் ஏறிய கதை

ஒரு வாரம் முன்னதாகக் கட்டிய ₹6,480 தவணைக்காக மூன்று மாதம் அலைந்து, போன வாரம்தான் என் சிபில் அறிக்கை (கடன்களை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் கிரெடிட் அறிக்கை) சரியானது. கோபம் இன்னும் ஆறவில்லை. வீட்டுக் கடன் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கடனைக் கெடுவுக்கு முன்பே கொடுத்தால் நல்ல பெயர் என்று வளர்ந்தவள் நான். இருசக்கர வாகனக் கடனுக்குத் தவணை ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி ஈசிஎஸ் மூலம், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே, போய்விடும். 2025 ஏப்ரல் கடைசியில் ஊருக்குப் போக வேண்டியிருந்ததால், 28ஆம் தேதியே நிதி நிறுவனத்தின் செயலி வழியாக மே மாதத் தவணையைக் கட்டிவிட்டேன். கட்டியாயிற்றே என்று கணக்கில் இருந்த மீதியையும் செலவுக்கு எடுத்துக்கொண்டேன். மே 5 அன்று ஈசிஎஸ் வழக்கம்போல வந்தது, பணம் இல்லாமல் திரும்பியது. வங்கி ஒரு ₹590, நிதி நிறுவனம் ஒரு ₹590 அபராதம் போட்டார்கள். வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினால், "உங்கள் பணம் வரவில் இருக்கிறது மேடம், கவலைப்படாதீர்கள்" என்றார்கள். நம்பிவிட்டேன். மே 31 மாலை வசூல் பிரிவிலிருந்து தவணை பாக்கி என்று அழைப்பு. பயந்துபோய் மறுநாளே இன்னொரு ₹6,480 கட்டினேன். முதலில் கட்டியது என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, கடைசித் தவணையில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். விஷயம் அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

டிசம்பரில் வீட்டுக் கடனுக்குப் போனேன். சம்பளச் சான்று, வில்லங்கம், தாய்ப்பத்திரம் எதிலும் சிக்கல் இல்லை. வங்கி அதிகாரி சிபில் அறிக்கையை என் பக்கம் திருப்பி, மாதவாரிக் கட்டங்களில் ஒன்றின் மேல் பேனாவை வைத்தார். வரிசையாக 000, 000, 000. மே மாதத்துக்கு நேராக மட்டும் 026. இருபத்தாறு நாள் தாமதம் என்று பொருள். ஸ்கோர், அதாவது கடன் மதிப்பெண், 731. "750க்கு மேல் இருந்தால் வட்டி கால் சதவீதம் குறைவாகக் கிடைக்கும் அம்மா" என்றார். 28 லட்சத்துக்கு, 20 வருடத்துக்கு, 8.75க்குப் பதில் 8.5 என்றால் மாதம் சுமார் ₹445 வித்தியாசம். மொத்தத்தில் ஒரு லட்சத்துக்கு மேல்.

அவரே இன்னொன்றையும் காட்டினார். என் கிரெடிட் கார்டு வரம்பு ₹60,000. வீட்டுச் செலவு முழுவதும் அதில்தான். கடைசித் தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடுவேன், ஒரு ரூபாய் வட்டி கொடுத்ததில்லை. ஆனால் அறிக்கையில் நிலுவை ₹43,000 என்று நின்றது. பில் போடும் அன்று இருந்த தொகை அப்படியே சிபிலுக்குப் போயிருக்கிறது. வரம்பில் 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பார்கள். நான் எழுபதைத் தாண்டி நிற்கிறேன்! அன்றிலிருந்து பில் தேதிக்கு மூன்று நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டுகிறேன். அடுத்த அறிக்கையில் நிலுவை ₹4,000 சொச்சம். முன்கூட்டியே கட்டியதால் எனக்குக் கண்கூடாகப் பலன் கிடைத்தது இங்கேதான்.

இனி 026 கதை. சிபில் தளத்தில், இந்த விவரம் தவறு என்று புகார் பதிவு செய்தேன். கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் சிபில் தானாக எதையும் மாற்றாது. மூன்று வாரம் கழித்து வந்த பதில்: "நிறுவனம் விவரத்தை உறுதி செய்துள்ளது, மாற்றமில்லை." நிதி நிறுவனக் கிளைக்கு அரைநாள் விடுப்புப் போட்டு மூன்று முறை போனேன். முதல் முறை, சம்பந்தப்பட்டவர் இல்லை. இரண்டாம் முறை, வங்கிப் பாஸ்புத்தகம் போதாது, பணம் அனுப்பியதை அடையாளம் காட்டும் யுடிஆர் எண்ணோடு கணக்கு அறிக்கை வேண்டும் என்றார்கள். அதை எடுத்துக்கொண்டு மூன்றாம் முறை போனால், கவுண்டரில் இருந்த இளைஞர் தாளைத் தொடாமலே, "மேடம், இது எங்கள் கையில் இல்லை, தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள்" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே!

அங்கேயே நின்று, என் கடன் கணக்கின் முழு விவர அறிக்கையைக் கேட்டு வாங்கினேன். அதில்தான் விடை இருந்தது. ஏப்ரல் 28, ₹6,480 வரவு, உபரித் தொகை. மே 5, தவணை நிலுவை. என் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே என்னைத் தாமதக்காரி என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கிரெடிட் அறிக்கைப் புகாரை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு என்று ரிசர்வ் வங்கியின் 2023 அக்டோபர் சுற்றறிக்கை சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு, அடுத்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்றும் எழுதினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. பிப்ரவரி அறிக்கையில் மே மாதக் கட்டத்தில் 000. ஸ்கோர் 762. அந்தக் கட்டத்தை என் கணவரிடம் காட்டியபோது எனக்குக் குரலே எழவில்லை.

ஈசிஎஸ் உள்ள கடனுக்குத் தனியாகப் பணம் அனுப்பாதீர்கள். தவணைத் தேதிக்கு முந்தைய நாளே தொகை வங்கிக் கணக்கில் இருந்தால் போதும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், "இந்த மாதத் தவணையில் வரவு வையுங்கள், ஈசிஎஸ் போட வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். மின்கட்டணத்தை ரீடிங் எடுத்த அன்றே கட்டினாலும் ஸ்கோரில் ஒன்றும் ஏறாது. மாநகராட்சிச் சொத்து வரியை மட்டும் ஏப்ரல் 30, அக்டோபர் 30க்குள் கட்டிவிடுங்கள். 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் ₹5,000. கிரெடிட் அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகப் பார்க்கலாம், நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. நான் நவம்பரில் பார்த்திருந்தால் இந்த அலைச்சலில் பாதி குறைந்திருக்கும்.

வீட்டுக் கடன் 8.5 சதவீதத்தில் அனுமதியாகிவிட்டது. நிதி நிறுவனம் எடுத்த ₹590 மட்டும் இன்னும் திரும்பவில்லை. அதற்கான புகாரை நேற்று இரவு அனுப்பியிருக்கிறேன்.