கலர்பிளஸ் ரோலோடு நீலகிரி மலை ரயிலில்

கோடாக் கலர்பிளஸ் 200. கலர் நெகட்டிவ் ஃபிலிமில் இன்று கிடைப்பவற்றுள் விலை குறைந்த வரிசையில் இருப்பது. அதே கோடாக்கின் விலை கூடிய ஃபிலிமான போர்ட்ரா ஒரு ரோல் வாங்கும் காசில் இதை ஏறக்குறைய இரண்டு ரோல் வாங்கிவிடலாம். காசு வாங்கிக்கொண்டு கல்யாணப் படம் எடுப்பவர்கள் இதைத் தேடிப் போவதில்லை. புதிதாக ஃபிலிம் பழகுகிறவர்கள்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். இந்த ஒரு ஃபிலிமை மட்டும் பையில் போட்டுக்கொண்டு ஒரு பயணம் போய்வர வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை. எங்கே போவது என்று யோசிக்கவே இல்லை. ஊட்டி.

நீல ரயில் பெட்டி, தேயிலைப் பச்சை, சிவப்பு ஓடு, கேரட் குவியல் என்று கலர் ஃபிலிமுக்கு வேண்டிய அத்தனையும் அங்கே இருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம், இந்தியாவுக்கே ஃபிலிம் செய்து கொடுத்த ஊர் அது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

கேமரா பென்டாக்ஸ் கே1000, லென்ஸ் 50 எம்எம். 1976-இல் விற்பனைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் பெரிய மாற்றம் இல்லாமல் ஓடிய மாடல். லைட் மீட்டருக்கு மட்டும்தான் பேட்டரி. அது தீர்ந்துபோனாலும் ஷட்டர் நிற்காது. ஃபிலிமின் ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தைப் பிடிக்கும் வேகம், 200 என்றாலும் நான் கேமராவில் 100 என்று வைத்துக்கொண்டேன். அப்படி வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு மடங்கு வெளிச்சம் போகும்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவு ஃபிலிமைப் பற்றி வரும் குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கின்றன. கலர் நெகட்டிவில் நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று நிறத்துக்கும் தனித்தனியே அடுக்குகள் உண்டு. ஒவ்வொன்றிலும் சீக்கிரம் வெளிச்சத்தைப் பிடிக்கும் பெரிய வெள்ளி உப்பு மணிகளும், நிதானமாகப் பிடிக்கும் சின்ன மணிகளும் இருக்கும். வெளிச்சம் பற்றாமல் போனால் பெரிய மணிகள் மட்டுமே வேலை செய்யும். அப்போதுதான் நிழல் பகுதியெல்லாம் சொரசொரவென்று, சேறு கலங்கிய மாதிரி வரும். வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுத்தால் சின்ன மணிகளும் சேர்ந்துகொள்ளும், படம் வழவழப்பாகும். வெளிச்சம் ஒரு ஸ்டாப் (அதாவது இரண்டு மடங்கு), இரண்டு ஸ்டாப் (நான்கு மடங்கு) கூடிப்போனாலும் நெகட்டிவ் தாங்கிக்கொள்ளும். குறைந்தால் தாங்காது. டிஜிட்டலில் பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகத் தெரியும். அங்கே வெள்ளை வெளுத்துப் போய்விடக் கூடாதே என்று வெளிச்சத்தைக் குறைத்துப் பழகியிருக்கிறோம்.

மேட்டுப்பாளையத்தில் ரயில் காலை 7.10-க்குக் கிளம்புகிறது. கல்லாறு வரைக்கும் சமவெளிதான், பாக்குத் தோப்புகளுக்கு நடுவே போகும். அதன்பிறகு தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்குகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, ஏறக்குறைய 12 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் ஏறுகிறது. நீராவி எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும் என்பதால் முன்பெட்டியில் இடம் கிடைத்தவர்களுக்குப் பாதை முழுவதும் கண்ணுக்கு முன்னே விரியும். 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் ஊட்டி வரையும் போட்ட பாதை. மொத்தம் 46 கிலோமீட்டர். 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ரயில் மெதுவாகப் போகிறதே, ஷட்டரும் மெதுவாக இருக்கலாம் என்று தோன்றும். ஆனால் பெட்டி நன்றாகக் குலுங்கும். ஷட்டர் வேகத்தில் 1/250 நொடிக்குக் கீழே நான் இறங்கவில்லை. ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்துகிறார்கள். எல்லோரும் இறங்கி டீ, வடை என்று ஓட, குரங்குகளும் கூடவே வந்து சேர்ந்துவிடும். எனக்கு அந்த நேரம் முழுக்க எஞ்சினுக்கும் நீலப் பெட்டிக்குமே சரியாக இருந்தது. காட்டுக்கு நடுவே மரநிழலும் வெயிலும் திட்டுத் திட்டாக விழுந்துகிடக்கும் இடம். அப்படிப்பட்ட இடத்தில் மீட்டரை வெயில் பக்கம் காட்டாமல் நிழல் பக்கம் காட்டி அளவு எடுத்துக்கொள்வேன். நெகட்டிவில் வெயிலை மீட்டுவிடலாம், நிழலை மீட்க முடியாது.

குன்னூரை நெருங்கும்போது பனிமூட்டம் இறங்கிவிட்டது. பனிமூட்டம் வெண்மை. லைட் மீட்டர் அதைப் பார்த்து வெளிச்சம் ஏகமாக இருக்கிறது என்று நம்பி, குறைக்கச் சொல்லும். அதன் பேச்சைக் கேட்டால் பனி சாம்பலாக வரும். அதனால் மீட்டர் சொன்னதைவிட இன்னும் ஒரு ஸ்டாப் கூட்டினேன். குன்னூரில் நீராவியைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுகிறார்கள். அதற்குமேல் ஏற்றம் அவ்வளவு செங்குத்தில்லை.

அரவங்காடு ஸ்டேஷனைத் தாண்டும்போது பாதையை ஒட்டிக் கார்டைட் தொழிற்சாலை வருகிறது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து வெடிமருந்து செய்யும் இடம். கேமராவை அந்தப் பக்கம் நீட்டக் கூடாது. ஆனால் ஃபிலிமை விரும்புகிறவர்கள் அந்த இடத்தைக் கடக்கும்போது ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். கார்டைட்டில் சேரும் முக்கியப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். ஆரம்பகால சினிமா ஃபிலிமின் அடித்தளமும் அதே நைட்ரோசெல்லுலோஸ்தான். பழைய தியேட்டர்களின் ஆபரேட்டர் அறைகள் தீப்பிடித்து எரிந்த கதைகளெல்லாம் அதனால்தான். இன்றைய ஸ்டில் கேமரா ஃபிலிம் பெரும்பாலும் அசிட்டேட்டில் வருகிறது, பயப்பட ஒன்றுமில்லை.

கேத்திப் பள்ளத்தாக்கு, லவ்டேல், அப்புறம் ஊட்டி. மறுநாள் காலை நான் முதலில் போனது இந்து நகருக்கு. அந்தப் பெயரே அங்கே செய்த ஃபிலிமின் பெயர்தான். அதைச் செய்தது ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1960-இல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம். பிரான்சின் பாஷே கம்பெனி தொழில்நுட்பம் கொடுக்க, 1967-இல் உற்பத்தி ஆரம்பமானது. கறுப்பு வெள்ளை ரோல், பிரிண்ட் பேப்பர், எக்ஸ்-ரே ஃபிலிம் எல்லாம் 'இந்து' என்ற பெயரில் நாடெங்கும் போயின. எண்பதுகளில் ஸ்டூடியோவில் நின்று எடுத்த பாஸ்போர்ட் படமோ, ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்-ரேயோ உங்கள் வீட்டில் இருந்தால் அதில் ஒன்றாவது இங்கிருந்து போனதாக இருக்கலாம். வெளிநாட்டு ரோலுக்குக் காசு கொடுக்க முடியாதவர்களுக்கும் ஒரு படம் கிடைத்தது என்றால் அதில் இந்த ஆலைக்குப் பெரிய பங்கு உண்டு. தொண்ணூறுகளில் நஷ்டத்தில் விழுந்தது. டிஜிட்டல் வந்ததும் எழ முடியாமலே மூடப்பட்டது. கேட்டுக்கு வெளியே நின்று பார்க்கும்போது மனது கனத்தது. ஆயிரக்கணக்கானவர்கள் நாள்தோறும் நடந்து போய்வந்த சாலை அது.

பக்கத்து டீக்கடையில் என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். உள்ளே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"ரோல் கேமராவா தம்பி? இன்னும் ஃபிலிம் கிடைக்குதா?"

"கிடைக்குதுங்கய்யா. அமெரிக்காவுல செஞ்சு வருது."

பிரிக்காத ரோல் ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே வேலை எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"கும்மிருட்டு. மருந்து பூசுற இடத்துல ஒரு பொட்டு வெளிச்சம் இருக்கக் கூடாது. செவுத்தத் தொட்டுக்கிட்டே நடப்போம். எதிர்ல ஆள் வந்தா குரல் குடுத்துக்கணும். வெளிய வந்தா கொஞ்ச நேரம் கண்ணு கூசும். தூசி இல்லாத ஊரு, குளிரு வேற. அதனாலதான் ஃபேக்டரிய இங்க கொண்டாந்து வச்சாங்க."

அவரை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். ஸ்வெட்டரைச் சரிசெய்துகொண்டு, வெளிச்சம் முகத்தில் விழும்படி தானாகவே கடை வாசலுக்குத் திரும்பி நின்றார். அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் நகராட்சி மார்க்கெட். நிறத்தைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. கழுவிக் குவித்த கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ். கலர்பிளஸ் பகல் வெளிச்சத்துக்கென்று செய்த ஃபிலிம். கடையின் வாசலோரம், வானத்து வெளிச்சம் விழும் இடத்தில் நிறம் அப்படியே நிற்கும். உள்ளே ட்யூப்லைட்டுக்கடியில் போனால் எல்லாவற்றிலும் ஒரு பச்சை படியும். குண்டு பல்பு என்றால் மஞ்சள் ஏறிவிடும். போதாக்குறைக்கு 200 வேகத்துக்கு உள்ளே வெளிச்சமும் போதாது. அதனால் மார்க்கெட்டின் ஓரங்களிலேயே சுற்றினேன். அங்கிருந்து, தோடர் இனப் பெண்கள் பின்னிய புத்துக்குளி சால்வை விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பின்னல். அந்தக் கைவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டு ஒரு சால்வையை வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பிடிக்கச் சொல்லி எடுத்தேன். தொட்டபெட்டாவுக்கும் போனேன். 2,637 மீட்டர் உயரம், நல்ல கூட்டம். உயரத்தில் நிழலெல்லாம் நீலமாகப் பதியும், லென்ஸில் ஸ்கைலைட் ஃபில்டர் இருந்தால் நல்லது. அவ்வளவுதான் அங்கே சொல்ல இருக்கிறது.

ரோல்களை வெளியூர் லேப் ஒன்றுக்குக் கூரியரில் அனுப்பினேன். ஸ்டில் கேமராவுக்கான கலர் நெகட்டிவ் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கழுவும் முறை சி-41 என்பதுதான். 37.8 டிகிரி சூட்டில் டெவலப்பரில் 3 நிமிடம் 15 நொடி, பிறகு ப்ளீச், பிக்ஸர். கறுப்பு வெள்ளையில் படமாக நிற்பது வெள்ளி. கலரில் அந்த வெள்ளியை முழுக்கக் கரைத்து எடுத்துவிடுவார்கள், அது இருந்த இடத்தில் உண்டான சாயம் மட்டும்தான் மிஞ்சும்.

படங்கள் வந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். கேரட்டின் ஆரஞ்சும் சால்வையின் சிவப்பும் கொஞ்சம் சூடேறி, ஆனால் கத்தாமல் வந்திருக்கின்றன. ரயிலின் நீலம் நேரில் பார்த்ததைவிடச் சற்று மங்கல், எனக்கு அது பிடித்திருக்கிறது. தேயிலைப் பச்சையில் மஞ்சள் கலக்கிறது. கொழுந்துக்கு அது பொருந்துகிறது, முற்றிய இலைக்கு அவ்வளவாக இல்லை. பச்சை உங்களுக்கு உயிர் என்றால் இந்த ஃபிலிம் உங்களுக்கானதில்லை. பனிமூட்டம் வெள்ளையாகவே வந்தது. பெரியவரின் படம்தான் எல்லாவற்றிலும் உயர்வு. தோலின் நிறம், ஸ்வெட்டரின் மெரூன், பின்னால் கடையின் இருட்டு மூன்றும் தனித்தனியாகத் தெளிந்து நிற்கின்றன. விலை மூன்று மடங்கு கொடுத்திருந்தாலும் இதற்குமேல் நான் கேட்டிருக்க மாட்டேன். பெரிய பிரிண்ட் போட்டு அந்த டீக்கடை விலாசத்துக்கு அனுப்பிவிட்டேன்.

இந்த விலையில் வேறு என்ன வாங்கலாம் என்றால், கோடாக் கோல்டு 200 இதைவிடச் சற்றுத் தெளிவாக, நிறம் அடர்த்தியாக இருக்கும். இரண்டுக்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் கோல்டையே எடுங்கள். வாங்கிய ரோலை ஃபிரிட்ஜில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் காருக்குள் விட்டு வைத்தால் நிறம் கெட்டுப்போகும். விமான நிலையத்தில் புதிதாக வைத்திருக்கும் சிடி ஸ்கேனருக்குள் ரோலை விட வேண்டாம், கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சினிமா ஃபிலிமை வெட்டிச் சின்ன ரோலில் சுற்றி இன்னும் மலிவாக விற்கிறார்கள். அதில் பல ரோல்களின் முதுகில் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு இருக்கும். அதைச் சாதாரண சி-41 மெஷினில் விட்டால் மருந்தும் கெடும், பின்னால் வரும் மற்றவர்களின் ரோலும் கெடும். வாங்குவதற்கு முன்பே உங்கள் லேப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் அதைக் கழுவுவதில்லை என்றால் கலர்பிளஸே போதும்.