ஆறே கார் ஓடின ரேஸ்

ஆரப்பாளையத்தில் வண்டியை சர்வீஸுக்கு விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஷெட் சுவரில் கிரீஸ் கை பட்டுக் கறுத்த படம்: 2005, மஞ்சள் ஜோர்டான் அணி காரில் நம்ம ஃபார்முலா ஒன் (எஃப்1) ரேஸ் வீரர் நரேன் கார்த்திகேயன்.

"அமெரிக்காவுல நாலாவதா வந்தாருண்ணே" என்றான் பையன். வந்தார்தான். மிஷலின் டயர் தாங்காது என்று 14 கார்கள் ஒதுங்கிவிட, ஓடியது ஆறே ஆறு. அதைச் சொல்லி அவன் முகத்தை வாட விடவில்லை.

எனக்கென்னவோ 2011தான் பெரிது. எஃப்1 சீட் போய் வருஷங்கள் கழித்து, கிடைத்த ரேஸையெல்லாம் ஓட்டி, 34 வயதில் திரும்ப வந்தார். கொடுத்ததோ எச்ஆர்டி அணியின் கடைசி வரிசை கார். ஆனாலும் கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரி எஃப்1 ரேஸில் 17வது. அதே அணியின் இளசு ரிக்கார்டோ அவருக்குப் பின்னால்!

அப்புறம், என் ஸ்ப்ளெண்டருக்குச் செயின் தளர்ந்திருக்கிறதாம்.