காளியப்பன், சாய்வுக்கோடு, முருகேசன்

எங்கள் கம்பெனி ரிஜிஸ்டரில் என் வேலைக்குப் பெயர் நிர்வாக உதவியாளர். ஷாப் ஃப்ளோரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அங்கே நான் 'பாஸ்போர்ட் மேடம்'. கோவையில் நூல் சுற்றும் இயந்திரங்கள் செய்கிற நடுத்தரமான கம்பெனி எங்களுடையது. மெஷின் எந்த நாட்டுக்குப் போனாலும் பின்னாலேயே ஒரு ஃபிட்டர் போய் அதை ஓடவிட்டுக் கொடுத்துவிட்டு வர வேண்டும். மெஷினுக்குக் காகிதம் தயார் செய்வது எக்ஸ்போர்ட் செக்‌ஷன், ஆளுக்குக் காகிதம் தயார் செய்வது நான். இரண்டில் மெஷின் வேலை சுலபம் என்பேன். அதற்கு ஒரு சீரியல் நம்பர். பில்லில் பார்த்தாலும், பெட்டியில் பார்த்தாலும், தகட்டில் பார்த்தாலும் அதே நம்பர்தான்.

ஆள் அப்படியா? முருகேசன் என்று ஒரு ஃபிட்டர். (நிஜப் பேர் அது இல்லை, அவர் அப்பா பேரையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.) பத்தாம் வகுப்புச் சான்றிதழில் கே. முருகேசன். ஆதாரில் முருகேசன் கே. பான் கார்டில் இனிஷியல் போட விடமாட்டார்கள், அதனால் அங்கே முருகேசன் காளியப்பன். பேங்க் பாஸ்புக்கில் முருகேசு. பாஸ்போர்ட்டில் வெறும் முருகேசன். குடும்பப் பெயர் என்ற இடம் காலி. முதல் பாஸ்போர்ட் எடுத்தபோது யாரோ ஒரு கம்ப்யூட்டர் சென்டர் தம்பி, "குடும்பப் பேர் இருக்குதுங்ளா?" என்று கேட்டிருக்கிறான். இவர் இல்லை என்றிருக்கிறார். உண்மைதானே, நமக்கு ஏது குடும்பப் பெயர்?

அந்தக் கட்டம் காலியாகக் கிடப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தைத் தூக்கி எறிவது என்று முடிவெடுத்தார்கள். அடுத்த இரண்டு மூன்று தலைமுறைகளில் அதுவே ஊர் வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் விசா ஃபாரம் செய்த ஆளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? இரண்டு பெயர் இல்லாத மனிதனை அவர் நினைத்தே பார்க்கவில்லை. அமெரிக்க விசாவில் இப்படி ஒற்றைப் பெயர்க்காரர் வந்தால், இருக்கிற பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் தள்ளிவிட்டு, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று மூன்று எழுத்தைப் போட்டுவிடுவார்கள். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. எங்கள் சர்வீஸ் இன்ஜினியர் ஒருவரை அங்கே போன இடத்தில் எல்லாரும் 'ஃபனு' என்றே கூப்பிட்டார்களாம். திரும்பி வந்த பிறகும் கேன்டீனில் அந்தப் பேர் போகவில்லை.

முருகேசண்ணனுக்கு இந்தக் காலிக் கட்டத்தால் பல வருஷம் ஒரு தொந்தரவும் வரவில்லை. வந்தது 2022 நவம்பரில். ஷார்ஜாவில் ஒரு வாடிக்கையாளருக்கு மெஷின் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒரு வாரம் தங்குகிற மாதிரி விசிட் விசா. கோவையிலிருந்தே நேராக விமானம். அவர் வீட்டில் முறுக்கு சுட்டு டின்னில் அடைத்துவிட்டார்கள். அந்த வாரம்தான் அறிவிப்பு வந்தது: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் விசிட் விசாவில் அனுமதி இல்லை, நவம்பர் 21 முதல் அமல். அங்கேயே வேலை விசாவில் குடியிருப்பவர்களுக்கு இது பொருந்தாது, சும்மா போய்வருகிறவர்களுக்குத்தான். விசா எடுத்துத் தரும் ஏஜென்ட் போனில் கையை விரித்துவிட்டார். முறுக்கு டின் ஷாப் ஃப்ளோருக்கு வந்து பத்து நிமிஷத்தில் காலியானது. வேறொரு பையனை அனுப்பினோம்.

கொஞ்ச நாளிலேயே அந்த விதிக்கு ஒரு விளக்கமும் வந்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும், ஏற்றுக்கொள்வோம் என்று. நம் பாஸ்போர்ட்டில் முகவரி இருக்கிற கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர், அம்மா பெயர் இரண்டும் அச்சாகித்தான் இருக்கின்றன. காளியப்பன் அவ்வளவு நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறார். ஆனால் முதலாளி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "அடுத்த ஜூன்ல மிலன் இருக்குது. அதுக்குள்ள எல்லாத்தோட பேரையும் நேர் பண்ணீருங்க மேடம்."

மிலன் என்று அவர் சொன்னது இட்மா கண்காட்சியை. ஜவுளி இயந்திரத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது நான்கு வருஷத்துக்கு ஒரு முறை வருகிற திருவிழா. 2019-இல் பார்சிலோனா, 2023-இல் ஜூன் 8 முதல் 14 வரை மிலன். எங்கள் மெஷினை அங்கே நிறுத்தி ஏழு நாளும் ஓட்டிக் காட்ட வேண்டும். முருகேசண்ணன் இல்லாமல் அந்த மெஷின் ஓடாது. ஓடும், நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

பெயரை நேர் பண்ணுவது என்றால் சின்ன வேலை இல்லை. பாஸ்போர்ட்டில் அடித்துத் திருத்த முடியாது, விவரத்தை மாற்றிப் புதிதாகவே எடுக்க வேண்டும். அதற்கு ஆதாரில் முதலில் மாற்ற வேண்டும். ஆதாரில் மாற்ற அதற்கொரு சான்று. ஒவ்வொரு காகிதமும் இன்னொரு காகிதத்தைக் கைகாட்டும். முருகேசண்ணன் எல்லாச் சான்றிதழையும் நகைக்கடையில் கொடுக்கிற சிவப்பு ஜிப் பர்ஸில் மடித்து மடித்து வைத்திருந்தார். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மேஜையில் விரித்தால் மடிப்புக் கோடு சரியாகப் பிறந்த தேதி மேலேயே ஓடுகிறது. 1-6 என்று தெரிந்தது. "ஜூன் ஒண்ணா அண்ணா உங்க பிறந்த நாள்?" என்று சும்மா கேட்டேன். "அது வாத்தியார் போட்டதுங் அம்மிணி. எங்கம்மா சொல்றது ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள். வாய்க்கால்ல தண்ணி நெறைஞ்சு போயிட்டிருந்துச்சாமா."

எங்கள் கம்பெனியில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் ஜூன் மாதம் பிறந்தவர்கள் ஏகப்பட்ட பேர். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் அது. விசா ஃபாரத்தின் அடியில் 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்று கையெழுத்துப் போடுவார்கள், பக்கத்தில் நின்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆரம்பத்தில் எனக்கு இது உறுத்தும். இப்போது இல்லை. கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஆடிப் பதினெட்டைப் பற்றிக் கவலை இல்லை; பத்துக் காகிதத்திலும் ஒரே தேதி இருக்கிறதா என்பதுதான் அவர் பார்ப்பது. 2023 அக்டோபர் 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் செல்லும் என்று இப்போது விதி வந்துவிட்டது. இனி வாத்தியார்கள் யாருக்கும் பிறந்த நாள் வைக்க முடியாது.

புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது குடும்பப் பெயர் இடத்தில் காளியப்பன், சொந்தப் பெயர் இடத்தில் முருகேசன். போலீஸ் விசாரணைக்கு ஏட்டு ஒருவர் தெருவுக்குப் போயிருக்கிறார். இவர் டூட்டியில், வீட்டில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம், "முருகேசன் காளியப்பன்னு இங்க யாரு?" என்று கேட்டிருக்கிறார். பெரியவருக்குக் கடைசிப் பெயர் மட்டும் காதில் விழுந்திருக்கிறது. "காளியப்பன் போய்ச் சேர்ந்து பன்னெண்டு வருசம் ஆச்சுங்களே, அவனுக்கு எதுக்குங்க பாஸ்போர்ட்டு?" அன்றைக்குச் சாயங்காலம் முருகேசண்ணன் ஸ்டேஷனுக்கே போய் விளக்கிச் சொல்லிவிட்டு வந்தார்.

புதுப் பாஸ்போர்ட் வந்ததும் நான் முதலில் பார்ப்பது போட்டோ உள்ள பக்கத்தின் அடியில் இருக்கிற இரண்டு வரியை. அம்புக்குறி அம்புக்குறியாக இருக்குமே, அது. மெஷின் படிப்பதற்கான வரி. வரிக்கு 44 இடம். மேல் வரியில் முதல் ஐந்து இடம் பாஸ்போர்ட் என்பதற்கும் நாட்டுக்கும் போய்விடும். மீதி 39. அதற்குள் குடும்பப் பெயர், இரண்டு அம்புக்குறி, சொந்தப் பெயர் எல்லாம் அடங்க வேண்டும். ஊர்ப் பெயர், அப்பா பெயர், சொந்தப் பெயர் என்று மூன்றையும் விரித்து எழுதினால் 39-க்குள் நிற்காத ஆட்கள் நம் ஊரில் உண்டு. அவர்கள் பெயரை அந்த வரி நடுவிலேயே வெட்டிவிடும். காளியப்பன் முருகேசனுக்கு இடம் தாராளம்.

மிலனுக்கு நாங்கள் ஐந்து பேர். இந்த முறை நானும். ஸ்டாலில் கணக்கு வழக்கு பார்க்க ஆள் வேண்டும் என்று முதலாளி என் பெயரையும் சேர்த்துவிட்டார். இத்தனை வருஷத்தில் எனக்கு நானே விசா ஃபாரம் பூர்த்தி செய்தது அதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்குப் பிறகு என் இனிஷியலை மாற்றச் சொல்லி வீட்டில் இரண்டு பக்கமும் பேச்சு நடந்தது; நான் அசையவில்லை. அதற்குக் கொள்கைக் காரணம் எதையும் சொல்ல மாட்டேன். எத்தனை காகிதம் மாற்ற வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

மிலன் இருக்கிற இத்தாலிக்கு ஷெங்கன் விசா, ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவான விசா அது. அதில் ஆவணப் பட்டியல் நீளமே தவிரக் குழப்பம் கிடையாது. பாஸ்போர்ட் எடுத்துப் பத்து வருஷத்துக்குள் இருக்க வேண்டும், திரும்பி வந்த பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலி வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. கட்டணம் அப்போது 80 யூரோ, பிறகு 90 ஆகிவிட்டது. போட்டோ 35-க்கு 45 மில்லிமீட்டர். ஸ்டுடியோக்காரரிடம் முகத்தை வெளுப்பாக்க வேண்டாம் என்று கெஞ்ச வேண்டும். அவர்களுக்குக் கை நிற்காது. பொய்யான டிக்கெட், போகாத ஹோட்டல் புக்கிங் இவற்றையெல்லாம் ஏஜென்ட்கள் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். நான் செய்வதில்லை. ஒன்று மாட்டினால் அடுத்த பத்து ஃபிட்டர்களின் விசாவும் போச்சு.

ஆனால் ஒன்றை மட்டும் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து விரல் வைத்துக் காட்டுவேன். விசா ஸ்டிக்கரில் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்று ஒரு மாதம் போட்டிருக்கும். அதற்குக் கீழே தங்கும் நாட்கள் என்று தனியாக 10 என்றோ 12 என்றோ இருக்கும். இருக்கலாம் என்று அர்த்தம் அந்தச் சின்ன எண்ணுக்குத்தான். பார்சிலோனா சமயத்தில் எங்கள் சேல்ஸ் ஆள் ஒருவர் மேலே இருந்த தேதியை மட்டும் பார்த்துவிட்டு, கண்காட்சி முடிந்து ஒரு வாரம் சுற்றிப் பார்க்கத் திட்டம் போட்டுவிட்டார். ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அடுத்த விமானத்தில் கிளம்ப வைத்தேன். புது டிக்கெட் காசு யார் கணக்கில் என்பது கம்பெனியில் இன்னும் தீராத வழக்கு.

சேரன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிக் காலையில் சென்னை. ஒரு டிபன், நேராக விசா மையம். காகிதத்தில் எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் முருகேசண்ணன் விரலில் வந்தது. கண்ணாடி மேல் நான்கு விரலை வைத்தால் சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தார், சிவப்பு. முப்பது வருஷம் இரும்பை ராவின விரல்கள். ரேகை தேய்ந்து நுனி வழவழவென்று இருக்கிறது. கவுன்டரில் இருந்த பெண் பொறுமையானவர். "என்ன வேலை சார் பண்றீங்க?" என்றார். "ஃபைல் புடிக்கிற வேலைங்" என்றார் இவர். அந்தப் பெண் என் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார். ஷாப் ஃப்ளோரில் ஃபைல் என்றால் அரம் என்று நான் விளக்க வேண்டியிருந்தது. பிறகு முருகேசண்ணனே ஒரு வழி கண்டுபிடித்தார். விரல்களை நெற்றியில் அழுத்தித் தேய்த்தார். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ஏறின விரலை மறுபடி வைத்தார். பச்சை.

விசா வந்தது, டிக்கெட் வந்தது. போர்டிங் பாஸில் காளியப்பன், சாய்வுக்கோடு, முருகேசன். அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மிலனில் ஹோட்டல் ரிசப்ஷனில் இருந்த பையன் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்து, சிரித்த முகமாய், "சின்யோர் காளியப்பன்" என்றான். முருகேசண்ணன் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் எங்கள் பெட்டிகள்தான் இருந்தன. லிஃப்டில் போகும்போது சொன்னார்: "எங்கப்பன் பழனிக்கு அந்தாண்ட போனதில்லைங் அம்மிணி. இங்க வந்து பேரைச் சொல்லிக் கூப்படறாங்க." அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. ஏழு நாளும் மெஷின் நன்றாக ஓடியது.

போன மாதம் அவர் மகனுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வந்தார். பையன் டிப்ளமோ முடித்திருக்கிறான். குடும்பப் பெயர் கட்டம் வந்ததும் நின்றோம். நம் வழக்கப்படி அப்பா பெயர் முருகேசன் என்று போட வேண்டும். காகிதத்தின் கணக்குப்படி அப்பாவின் குடும்பப் பெயர் காளியப்பன், மகனுக்கும் அதுவே இருந்தால் பார்ப்பவர்களுக்குக் குழப்பமில்லை. இரண்டையும் சொன்னேன்.

"காளியப்பன்னே போடுங்க. பேரன்னாலே தாத்தன் பேரைத் தாங்கறவன்தானுங்களே" என்றார். சரி, நல்ல பதில் என்று எழுதப் போனேன். "இருங்க, எதுக்கும் ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தவர் முகத்தில் ஒரு தயக்கம்.

"ஏனுங் அம்மிணி, ஒரு பக்கத்துத் தாத்தன் பேரு மட்டும் போட்டா எப்படீன்னு கேக்கறா. அவங்கப்பன் பேரையும் சேத்த முடியுங்களா?"

அவர் மாமனார் பெயர் கொஞ்சம் நீளம். 39 இடத்துக்குள் வருமா என்று, ஃபாரத்தின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு ஒவ்வோர் எழுத்தாக எழுதி எண்ண ஆரம்பித்தேன்.