பேலன்சிங் மெஷின் காட்டும் பூஜ்யம்

கார் வீலைச் சுற்றவிட்டு, அது ஆடாமல் ஓட ரிம்மில் எங்கே எத்தனை கிராம் வெயிட் போட வேண்டும் என்று சொல்வது பேலன்சிங் மெஷின். அதில் வீலின் உள், வெளி இரண்டு பக்கமும் பூஜ்யம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் வீலைக் கழற்றிவிடுவார்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம் ஆரம்பிக்கும். மெஷினின் சுழலும் தண்டான ஷாஃப்டில் வீல் எப்படி உட்கார்ந்திருக்கிறதோ அந்த நிலைக்கான கணக்கைத்தான் மெஷின் சொல்கிறது. வீலை ஷாஃப்டின் மையத்தில் உட்கார வைக்கும் கோன் அளவு தப்பினாலோ, ரிம்மின் நடு ஓட்டையில் துரு ஒட்டியிருந்தாலோ வீல் மையம் விலகித்தான் சுற்றும். அப்போதும் வெயிட் போட்டுப் பூஜ்யம் வரவழைத்துவிடலாம். வண்டியில் மாட்டினால் ஸ்டீயரிங் ஆடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பூஜ்யம் வந்தபிறகு நட்டைத் தளர்த்தி, ஷாஃப்டை அசையாமல் பிடித்துக்கொண்டு வீலை மட்டும் அரைச்சுற்று திருப்பி, மறுபடி இறுக்கி ஓட்டிப் பாருங்கள். இப்போது 20 கிராம் காட்டினால், உட்கார வைத்ததிலோ ஷாஃப்டிலோ சுமார் 10 கிராம் பிழை இருக்கிறது. ஓரிரு நிமிட வேலைதான். இதைச் செய்ய ஏன் இவ்வளவு சோம்பல் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

சில கிராமுக்கு இவ்வளவு கவலையா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி 20 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் சாதாரண கார் வீலில் அது ஏறக்குறைய மூன்றரை கிலோ விசையோடு வெளியே இழுக்கும், அதுவும் ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் திசை மாறி மாறி. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. ஊருக்குள் ஓட்டும்போது தெரியாத உதறல் நெடுஞ்சாலையில் தெரிவது இதனால்தான்.

ஆனால் பாதிப் பிரச்சினை பேலன்சிங்குக்கு முன்பே, டயரை ரிம்மில் மாட்டிக் கழற்றும் டயர் சேஞ்சர் மெஷினில் தொடங்கிவிடுகிறது. டயரின் விளிம்பான பீடுக்குள் எஃகுக் கம்பி வளையம் இருக்கிறது, அது நீளாது. அதனால்தான் ரிம்மின் நடுவில் பள்ளம் வைத்திருக்கிறார்கள். லிவர் போடும் இடத்துக்கு எதிர்ப்பக்கத்துப் பீடை அந்தப் பள்ளத்தில் அழுத்தி இறக்கினால்தான் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும். அதை விட்டுவிட்டு மெஷினின் பலத்தில் இழுத்தால் பீட் கிழியும், இல்லை அலாய் ரிம் கீறும். டயர் முரண்டு பிடித்தால் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் பார்ப்பதுதான் என் வழக்கம். முக்கால்வாசி நேரம் காரணம் அங்கேதான் இருக்கும்.

பீடுக்குத் தடவும் பேஸ்ட்டில் கஞ்சத்தனம் கூடாது. அதற்குப் பதில் கிரீஸோ எஞ்சின் ஆயிலோ போடுவது ரப்பரைக் கெடுக்கும். வால்வில் காற்றழுத்த சென்சார் உள்ள வீல் என்றால், பீடை ரிம்மிலிருந்து அழுத்திப் பிரிக்கும் தகடு அந்தப் பக்கம் போகவே கூடாது.

அப்புறம் காற்று. பீட் சத்தத்தோடு ரிம்மில் ஏறி உட்காரும்வரை விரலை அருகில் வைக்கக் கூடாது. கார் டயரில் 40 பிஎஸ்ஐ வரை போயும் உட்காரவில்லை என்றால் இன்னும் ஏற்றிப் பார்ப்போம் என்பது ஆபத்தான யோசனை. காற்றை முழுதாக இறக்கி, பேஸ்ட் தடவி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். பீட் ஒரு பக்கம் சரியாக ஏறாத டயரை எத்தனை தடவை பேலன்ஸ் செய்தாலும் ஆட்டம் போகாது. அது வட்டமாகவே இல்லையே!

பேலன்சிங்குக்கு ஏற்றுமுன் பழைய வெயிட்டுகளைக் கழற்றி, ரிம்மின் உட்பக்கத்துச் சேற்றையும் டயரின் பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டை) இடுக்கிலுள்ள கற்களையும் எடுத்துவிடுவேன். காய்ந்த சேறு பெயர்ந்து விழுந்தால் போட்ட கணக்கே மாறிவிடும். ஒட்டும் வெயிட்டுக்கு ரிம்மைத் துடைத்துக் காய வைக்காவிட்டால் அது வழியிலேயே கழன்றுபோகும்.

இவ்வளவும் சரியாகச் செய்த வீலை, வண்டியில் அது உட்காரும் ஹப்பில் துருவைச் சுரண்டாமல் மாட்டி, நட்டுகளை வரிசையாக ஏர் கன்னால் இறுக்குகிறவர்களும் உண்டு. நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றிக் கையால் பிடித்துவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கியபின் குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சால் முடிக்கச் சொல்வேன்.